ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

1

இந்தக் கதையை எழுதத் தூண்டியது கலைத் தாகம். (பொய். அடித்துவிட்டேன். அடித்த தடம் தெரியட்டும் என்று விட்டுவைக்கிறேன்.) தூண்டியது குற்றவுணர்வு. அதற்குச் சரியான சமயத்தில் ஒரு சாக்கும் கிடைத்தது. சென்னையிலிருந்து ஒரு சிற்றிதழ் ஆசிரியர் கூப்பிட்டு, ஜப்பான் சிறப்பிதழுக்குக் கதை கேட்டார்.

"செர்ரிப் பூ, மௌனம், தேநீர், இப்படி ஏதாவது வரட்டும் சார். வாசகர்கள் எதிர்பார்ப்பாங்க."

நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. செர்ரி பூக்கும் மாதத்தில் எனக்கு மகரந்த ஒவ்வாமை. மூக்கைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்துத்தான் நடப்பேன். மௌனம் என்பது மேல்வீட்டுக்காரர் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை அணைத்துவிட்டு மறுபடி போடுவதற்கு இடைப்பட்ட நேரம். தேநீர், ரயில் நிலையத்து இயந்திரத்தில் பொத்தானை அமுக்கினால் பாட்டிலில் விழும். என்னிடம் இருக்கும் ஒரே ஜப்பான் கதை, பொரித்த பன்றிக்கறியைப் பற்றியது. சொன்னேன். மறுமுனையில் பேச்சே இல்லை. அவர் கேட்ட மௌனம் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இது ஒப்புதல் வாக்குமூலம். இதில் வரும் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. உலகத்தில் இத்தனை மொழிகள் இருக்க நான் ஏன் தமிழில் ஒப்புக்கொள்கிறேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

2

தொடக்கம் ஒன்று: மழை சன்னமாகத் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், கடை வாசலின் நீலத் துணித்திரையை விலக்கிக்கொண்டு

(நிறுத்தம். அன்று மழை இல்லை. திரை பழுப்பு.)

தொடக்கம் இரண்டு: பொன்னிறமாகப் பொரிந்த மொறுமொறுப்பான மேலோட்டுக்குள், சாறு ததும்பும் இளஞ்சிவப்பு

(நிறுத்தம். இது விளம்பரம். தவிர, உங்களில் பாதிப் பேர் பன்றி சாப்பிடுவதில்லை. மீதிப் பேர் சாப்பிடுவதை வீட்டில் சொல்வதில்லை.)

ஆகவே தொடக்கம் மூன்று, அலங்காரம் இல்லாமல். யோகோஹாமா பக்கம், விரைவு வண்டி நிற்காத ஒரு ரயில் நிலையம். அதற்குப் பின்தெருவில், பல் மருத்துவருக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரு டொன்கட்சு கடை. தடிமனான பன்றிக்கறித் துண்டை ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்து, விரல் அகலத்துக்கு வெட்டி, குன்றுபோல் நறுக்கிய முட்டைகோஸோடு வைப்பார்கள். சோறும், மிசோ என்கிற சோயா விழுதில் செய்த சூப்பும் தனி. முட்டைகோஸும் சோறும் எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள். நீள மேசைக்கு முன்னால் ஒன்பது நாற்காலிகள். அவ்வளவுதான் கடை.

பொரிப்பவர் நிஷிவாக்கி தெட்சுவோ, அறுபத்து மூன்று வயது. அவரை எல்லோரும் கூப்பிடும் சொல்லுக்குப் படைத்தலைவர் என்று பொருள். தமிழில் அப்படிக் கூப்பிட்டால் ஆள் குதிரையில் வந்துவிடுவார். நம் ஊரில் அடுப்பில் நிற்பவரைச் சொல்வதுபோல 'மாஸ்டர்' என்றே வைக்கிறேன். மற்ற எல்லா வேலையும் அவர் மனைவி ஃபுமியே. எண்ணெய்ச் சட்டிக்கு நேர் எதிரே முதல் நாற்காலி ஹதனகாவுடையது. முப்பத்தெட்டு வருடம் லிஃப்டுகளைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பதினோரு வருடம் உட்கார்ந்ததில் ஏற்பட்ட அனுபவ பாத்தியதை.

என் பெயர் குமணன். இவர்கள் வாயில் அது 'குமா'வோடு நின்றுவிடும். குமா என்றால் கரடி. மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்ப்பார்கள். கரடியார் என்று கொள்க.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இவர்கள் பேச்சை எந்த ஊர்த் தமிழில் எழுதுவது என்று நான்கு நாள் திண்டாடினேன். மதுரைத் தமிழை வைத்துப் பார்த்தேன். மாஸ்டருக்கு உடனே மீசை முளைத்துவிட்டது. எந்த ஊரும் உரிமை கொண்டாட முடியாத ஒரு பேச்சில் விட்டிருக்கிறேன்.)

3

போன வருடம் செப்டம்பரில் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர் கடைக்கு வந்தார். ஒன்றரை நிமிடம் காட்டினார்கள். அவர் ஒரு வாய் கடித்து, கண்ணை மூடி, தோளைக் குலுக்கினார். அந்தத் தோள் குலுக்கலுக்கு அடுத்த நாளே சலவைக் கடை வரை வரிசை நின்றது.

வந்தவர்கள் நல்லவர்கள். தட்டை வைத்ததும் கைப்பேசியை எடுத்து மேலிருந்து, பக்கத்திலிருந்து, வெட்டு முகத்தை நெருங்கி என்று படம் எடுப்பார்கள். ஐந்து நிமிடம் கழித்து ஆறிப்போனதைச் சாப்பிட்டுவிட்டு "அருமை" என்பார்கள். மாஸ்டர் தலையைத் தாழ்த்தி நன்றி சொல்வார். அவர் முகம் மட்டும், குழந்தையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வந்தவர் முகம் போல இருக்கும்.

எங்கள் நாற்காலிகள் போயின. பெயர் எழுதிவிட்டு ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். ஹதனகாவுக்கு முழங்கால் வலி. எனக்கு மதிய இடைவேளையே ஒரு மணி நேரம். இயந்திரங்களின் பயன்பாட்டுக் கையேட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிற கம்பெனியில் அதற்குமேல் தர மாட்டார்கள்.

இந்த இடத்தில் ஹதனகாவைக் கெட்டவராக்கி மூன்று பத்தி எழுதினேன். ஒல்லியான உதடுகள், இடுங்கிய கண்கள் எல்லாம் வைத்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவர் உதடு தடித்தது, பார்வையும் சாதுவானது. மூன்று பத்தியையும் எடுத்துவிட்டேன். கதைக்கு ஒரு கெட்டவர் தேவைப்பட்டால் கொஞ்சம் பொறுங்கள், வருவார்.

4

யோசனை ஹதனகாவுடையது. உணவகங்களுக்கு நட்சத்திரம் போடும் இணையதளத்தில் மோசமாக எழுதினால் கூட்டம் குறையும், நாற்காலி திரும்பும். அவரே எழுதினார். பழக்க தோஷம், எல்லாம் பரிசோதனை அறிக்கை போல இருந்தன. 'முட்டைகோஸ் இழைகளின் தடிமன் ஒன்று முதல் நான்கு மில்லிமீட்டர் வரை மாறுபடுகிறது. கவனிக்கப்பட வேண்டும்.' 'சூப்புக் கிண்ணத்தின் மூடி திறக்க அதிக விசை தேவைப்படுகிறது.' ஒரு நட்சத்திரம். பெயர் இல்லை.

இருபது எழுதியும் வரிசையில் ஒரு ஆள் குறையவில்லை. பூங்கா பெஞ்சில் கடைச் சோற்றுருண்டையைப் பிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"குமா சான், நீங்க கதை எழுதுறவருதான?"

"தமிழ்ல எழுதுறேன்."

"பொய் எந்த மொழியில சொன்னாலும் பொய்தான. ஒண்ணு எழுதிக் குடுங்க."

"எனக்கு ஜப்பானிய மொழி அவ்வளவு சுத்தமா வராது ஹதனகா சான்."

"எனக்குச் சுத்தமா வருது. பாத்தீங்கல்ல, ஒருத்தரும் சட்டை பண்ணல."

மறுத்திருக்கலாம். (மறுத்ததாக ஒரு வடிவம் எழுதியிருக்கிறேன். அதில் நான் மிக நல்லவன். கதைதான் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடுகிறது.) அன்று சாயங்காலமே எழுதினேன். இதோ, என் மொழிபெயர்ப்பில்:

'இருபது வருடமாக மாறாத சுவை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இறைச்சி எண்ணெயில் இறங்கும் சத்தத்தில் இப்போது ஒரு தயக்கம் கேட்கிறது. கை களைத்துவிட்டதோ என்னவோ. மூன்று நட்சத்திரம். அதில் மூன்றாவது, நன்றிக்காக.'

ஒன்று போட்டால் வயிற்றெரிச்சல் என்பார்கள். மூன்று போட்டால் நியாயஸ்தன். இந்த நுட்பம் எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல.

'பயனுள்ளது' என்று நானூற்றுப் பன்னிரண்டு பேர் அழுத்தினார்கள். என் சிறுகதைத் தொகுப்பை வாசித்ததாக எனக்கு எழுதியவர்கள் மொத்தம் ஆறு பேர். அதில் இரண்டு பேர் என்னை வேறு யாரோ என்று நினைத்து எழுதியவர்கள். தினமும் காலையில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கினேன். எண்ணெய்ச் சத்தத்தில் தயக்கம் கேட்கிறது என்று மற்றவர்களும் எழுத ஆரம்பித்தார்கள். அவர்கள் ஒன்பதாவது நாற்காலியில், பாத்திரம் கழுவும் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்.

ஆறு வாரத்தில் வரிசை காணாமல் போயிற்று. முதல் நாற்காலியில் ஹதனகா, இரண்டாவதில் நான்.

5

கதை இங்கே முடிந்திருந்தால் இதை நகைச்சுவைப் பகுதிக்கு அனுப்பியிருப்பேன்.

அடுத்து நடந்தது ஃபுமியே பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். செவ்வாய் விடுமுறை. அன்று மாஸ்டர் கத்தி தீட்ட, ஃபுமியே அந்த வாரத்து விமர்சனங்களை உரக்கப் படிப்பார். முட்டைகோஸ் நான்கு மில்லிமீட்டர் என்றதும் மாஸ்டர் விழுந்து விழுந்து சிரிப்பார். என்னுடையதைப் படித்தபோது கத்தி நின்றது.

"இன்னொரு தடவ படி."

படித்தார்.

"இவன் சாப்பிட்டவன்," என்றாராம் மாஸ்டர்.

மறுநாளிலிருந்து கடையில் வானொலி இல்லை. எண்ணெயின் பக்கம் தலையைச் சாய்த்து நின்று பொரிக்கத் தொடங்கினார். முப்பத்தாறு வருடம் கை தானாகச் செய்த வேலையை இப்போது காதைக் கேட்டுக் கேட்டுச் செய்தார். ஒரு நாள் சீக்கிரம் எடுத்துவிட்டார். நடுவில் பச்சையாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் தாமதமாக எடுத்தார். எண்ணெயில் கலக்கும் பன்றிக் கொழுப்பை வாங்கும் இடத்தை மாற்றினார். ரொட்டித்தூளை மாற்றினார். காது டாக்டரிடம் போனார். நாற்பது வயதுக்காரர் காது என்று டாக்டர் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. காதில் கோளாறு இல்லையென்றால் அது கையில்தானே இருக்க வேண்டும்.

ஆக, நான் எழுதிய பொய் மெதுவாக உண்மையாகிக்கொண்டு வந்தது. எழுத்தால் உலகத்தை மாற்ற முடியுமா என்று இலக்கியக் கூட்டங்களில் கேட்பார்கள். முடியும். நான் பார்த்திருக்கிறேன். மாறிய உலகத்தில் மேலோடு தனியாகவும் கறி தனியாகவும் வரும்.

"கட்டைய மெல்ற மாதிரி இருக்கு," என்று ஹதனகா என் காதருகே முணுமுணுத்தார்.

"நாற்காலி கெடச்சிருச்சே."

"நாற்காலியத் திங்கவா முடியும்."

இரண்டு பேரும் கடுகு விழுதை நிறையத் தடவி, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம். பரிகாரம் என்று நினைப்பு. மாஸ்டர் காலித் தட்டுகளைப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் எடுத்துப் போனார்.

பிப்ரவரி நடுவில் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'இம்மாத இறுதியோடு கடையை மூடுகிறோம். இத்தனை காலம் ஆதரித்ததற்கு நன்றி.' தூரிகையால், நல்ல கையெழுத்தில் இருந்தது.

6

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நிலையத்துச் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஃபுமியே என்னைப் பிடித்தார். அவர் சைக்கிளை என் சைக்கிளுக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினார்.

"குமா சான், ஒரு வார்த்த கேக்கணும். 'தயக்கம்'னா என்ன அர்த்தம்?"

நான் சைக்கிள் பூட்டைத் திறப்பதுபோலக் குனிந்தேன்.

"எங்க ஊர்க்காரங்க யாரும் எண்ணெய்க்கு அந்த வார்த்தைய போட மாட்டாங்க. மனுசங்களுக்குத்தான் போடுவோம். வார்த்தைய எடம் மாத்திப் போடற ஆளு எங்க கடைக்கு ஒருத்தர்தான் வர்றாரு. போன வருசம் என் முட்டகோஸ 'பணிவா இருக்கு'ன்னு சொன்னீங்க."

நானூற்றுப் பன்னிரண்டு பேர் கவிதை என்று கொண்டாடியது என் இலக்கணப் பிழையை. இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, ஏமாற்றம். இதை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"படிச்ச அன்னிக்கே."

"மாஸ்டர்கிட்ட சொல்லலையா?"

"நான் சொன்னா, பொண்டாட்டி சமாதானம் சொல்றான்னு நெனப்பாரு. நீங்க வந்து சொல்லுங்க. செவ்வாக்கெழமை ரெண்டு மணி. பக்கத்துக் கதவத் தொறந்து வைக்கிறேன்." சைக்கிளைத் திருப்பினார். "பலகாரப் பொட்டி கிட்டி எடுத்துட்டு வராதீங்க. மன்னிப்புக் கேக்க வர்றவங்க கொண்டு வர்றதத் தின்னு தின்னே அவருக்குச் சக்கர ஏறிப்போச்சு."

7

முடிவுகள்.

அ) மாஸ்டர் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார். (நடக்காது. அவர் கையைக்கூட யாரும் பிடித்ததில்லை. எப்போதும் மாவாக இருக்கும்.)

ஆ) மாஸ்டர் கத்தியோடு என்னைத் துரத்துகிறார். நான் பல் மருத்துவரிடம் தஞ்சம் புகுகிறேன். (உங்களுக்குப் பிடிக்கும். ஆசிரியருக்கும் பிடிக்கும். அதனால்தான் வேண்டாம்.)

இ) நான் அற்புதமான ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுதுகிறேன், எல்லாம் பழையபடி ஆகிறது. இதை உண்மையாகவே முயன்றேன். ஞாயிறு முழுக்க ஆறு வரைவு. குறை சொல்லும்போது அவ்வளவு நுணுக்கமாக ஓடிய கை, பாராட்ட உட்கார்ந்ததும் 'அருமை, மொறுமொறு, மீண்டும் வருவேன்' என்று எழுதியது. ஆறில் நல்லதைப் பதிவேற்றினேன். ஒரு மணி நேரத்தில், விளம்பரம் என்று சந்தேகித்து அந்த இணையதளம் நீக்கிவிட்டது.

ஈ) நடந்தது.

8

செவ்வாய், இரண்டு மணி. விடுமுறைக்கு வாசல் திரையைக் கழற்றிய கடை பாதியாகச் சுருங்கியதுபோல இருந்தது. மாஸ்டர் வீட்டுச் சட்டையில், மேசைக்குப் பின்னால் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். ஃபுமியே கதவருகே நின்றார். நான் இடுப்பை வளைத்துக் குனிந்து, தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் பிழையில்லாமல் நான் பேசிய ஜப்பானியப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

கத்தி நிற்கவில்லை.

"அந்த மூணு நட்சத்திரம் நீங்களா."

"நாந்தான் மாஸ்டர்."

"முட்டகோஸ் நாலு மில்லிமீட்டர்?"

"அது..."

"அது ஹதனகா சான். தெரியும். அவரு கல்யாண வீட்டுல பேசினாலும் அப்படித்தான் பேசுவாரு." கத்தியைத் துடைத்து வைத்தார். "எதுக்கு எழுதினீங்க?"

"நாற்காலிக்கு."

அவர் எட்டி, இரண்டாவது நாற்காலியைப் பார்த்தார். வாங்க வந்தவர் போல ஏற இறங்கப் பார்த்தார்.

"கால் ஆடுமே இது."

"ஆடும் மாஸ்டர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாகச் சொன்னேன். "அதுல எழுதினது ஒண்ணும் நெசமில்ல. எனக்கு ஒரு தயக்கமும் கேக்கல. எழுத நல்லா வந்துச்சு, எழுதிட்டேன். உங்க கையில எந்தக் கோளாறும் இல்ல."

"இல்ல, குமா சான். இருக்கு."

"என்னது?"

"தயக்கம். நீங்க எழுதினதுக்கு அப்புறந்தான் காது குடுத்துக் கேட்டேன். எறக்கற நேரத்துல, கை விடறதுக்கு முன்னாடி, இத்தனூண்டு. எப்பலேருந்து இருக்கோ."

"அது நானா கற்பனை பண்ணினது மாஸ்டர்."

"நீங்க கற்பனை பண்ணியிருக்கலாம். ஆனா சரியா எழுதிட்டீங்க."

என் எழுத்தைப் பற்றி இதுவரை யாரும் இதைவிட நல்ல வார்த்தை சொன்னதில்லை. அங்கேயே புதைந்து போய்விடலாம்போல இருந்தது. எழுதியவனே எதிரில் நின்று, பொய், பொய் என்று தலையில் அடித்துக்கொள்கிறான். வாசகர் எழுத்தின் பக்கம் நிற்கிறார்.

"பாத்தீங்களா," என்றார் ஃபுமியே கதவிலிருந்து. "நாலு மாசமா நான் சொல்றேன், ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு. பொண்டாட்டி சொன்னா காத்தோட போகும். கண்ட கரடி எழுதினா கல்வெட்டு."

மாஸ்டர் குழாயைத் திறந்தார். கை கழுவினார், முழங்கை வரை. ஏப்ரனைக் கட்டினார்.

"இன்னிக்கு லீவு," என்றார் ஃபுமியே.

"தெரியும்."

அடுப்பைப் பற்றவைத்தார். குளிர்பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து நரம்பைக் கீறி, உப்பும் மிளகும் தூவி, மாவு, முட்டை, ரொட்டித்தூள் என்று புரட்டினார். எங்கும் அவசரமில்லை. ஃபுமியே ஒருமுறை பெருமூச்சு விட்டு, முட்டைகோஸை எடுத்து நறுக்க உட்கார்ந்தார். அவர் கையில் கத்தி வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தது.

என்னை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

துண்டு எண்ணெயில் இறங்கியது. வாழ்க்கையில் எதையும் அப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை. தயக்கம் இருந்ததா? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. கேட்கப் போனால் என் காதில் நான் எழுதிய வாக்கியம்தான் கேட்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணெய் கேட்கவில்லை. நான் கெடுத்தது மாஸ்டரின் கையை மட்டுமல்ல போலிருக்கிறது.

பொரிந்தது. வடிந்தது. ஆறு வெட்டு. தட்டு என் முன்னால் வந்தது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவர் அடுப்புப் பக்கம் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றார்.

"எழுத வேணாம்," என்றார். "வாயால சொல்லுங்க. எனக்காகச் சொல்றீங்களா, நெசமாச் சொல்றீங்களான்னு மொகத்தப் பாத்தா எனக்குத் தெரியும். நல்லாயிருந்தா, அந்தக் காயிதத்தக் கிழிச்சிடறேன். இல்லன்னா அது அப்படியே இருக்கட்டும்."

ஃபுமியே கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

நடுத்துண்டை எடுத்தேன். சாஸ் ஊற்றவில்லை, கடுகு தொடவில்லை. கடித்தேன்.

9

எப்படி இருந்தது என்று நான் சொல்லலாம். சொல்லப் போவதில்லை. பொரித்த பன்றிக்கறியைப் பற்றி நான் எழுதியதை நம்பி ஒரு குடும்பம் ஏற்கெனவே அவதிப்பட்டுவிட்டது; நீங்களாவது தப்பிக்க வேண்டும். ஆசிரியர் முடிவு கேட்பார். வெள்ளைத் தாளாக அனுப்பி, மௌனம் என்று சொல்லிக்கொள்வேன்.

உங்களுக்கு அந்த வசதி இல்லை. அந்த மேசைக்கு அப்பால் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் என் முகத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் அவர் முகத்தைப் பார்க்கிறார். மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருக்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சீக்கிரம் சொல்லுங்கள். ஒரு வாய்க் கறியை ஒரு மனிதன் எவ்வளவு நேரந்தான் மெல்ல முடியும்.